பேஸ் கிட்டாரில் மழைப் பாட்டு

ஆட்டையாம்பட்டி,
10.3.2024

அன்புள்ள வித்யாவுக்கு,

மஞ்சுளா எழுதுகிறேன். ஆறு வருஷம் கழித்து இவளுக்கு என்ன வேண்டுமாம் என்று நீ நினைப்பாய். நினைப்பது சரிதான். ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே அவர் சௌக்கியம். தறிகள் ஓடுகின்றன. அனிதா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், சேலத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். மாமியார் போன தையில் தவறிவிட்டார். உனக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை.

என் காது போய்விட்டது வித்யா. முழுதாகப் போகவில்லை, ஆனால் போய்விட்டது என்றே வைத்துக்கொள். சேலத்தில் ஒரு டாக்டர் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். கீழ்ச் சத்தம் ஓரளவு கேட்கிறதாம். மேலே போகப் போக ஒன்றுமில்லையாம். பொம்பளைக் குரல், குக்கர் விசில், அனிதாவின் கொலுசு எல்லாம் போயாச்சு. தறிக்கூடத்தில் காதைப் பொத்தாமல் நின்றதுதான் காரணம் என்றார். மெஷின் கொடுத்திருக்கிறார். வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடுகிறது. பாட்டு மட்டும் தகரத்தை இழுத்த மாதிரி இருக்கிறது. போனில் பேசவே முடியவில்லை. அனிதாவின் போனில் எழுதி அனுப்பலாம்தான். நான் சொல்ல நினைப்பதெல்லாம் அவள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் தபால்.

போன மாதம் இளம்பிள்ளையில் ஒரு கோயில் விசேஷம். மேடையில் ஒரு பெண் பாடினாள். வாய் திறந்து மூடியது, எனக்கு ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று இருந்தபோது அடியில் ஒன்று கேட்டது. முதலில் நெஞ்சுக்கூட்டில் தட்டியது, பிறகு காதிலேயே கேட்டது. பேஸ் கிட்டார்! என்ன பாட்டு என்று நானாக ஊகித்து அனிதாவிடம் சொன்னேன். "இல்லம்மா, அது வேற பாட்டு" என்று கையை ஆட்டினாள். அடியில் போகிறதை வைத்து மேலே போகிற மெட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். பாடுகிறவள் பாடுகிற மெட்டை முழுதாக, முதலிலிருந்து கடைசிவரை, பேஸில் வாசிக்க முடியுமா? முடியும் என்று எனக்குத் தெரியும். ராசிபுரம் மண்டபத்தில் நீ வாசித்தாய். நான் பாடிக்கொண்டிருக்கும்போதே என் பாட்டை நீ எடுத்துக்கொண்டாய். அதற்காகத்தான் மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன், அதற்காகத்தான் இன்றுவரை உன்னோடு பேசவில்லை. இப்போது அதையே உன்னிடம் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் மழைப் பாட்டைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

இப்படிக்கு,
மஞ்சுளா


சங்ககிரி,
19.3.2024

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

உன் கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. லாரி புக்கிங் ஆபீஸில் எனக்குக் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை. முதலாளி காளிதாஸ் அண்ணன், "ஏம்மா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒரு சீட்டும் எழுதவில்லை. வெளியே இரண்டு டிரைவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

உன் காது விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் எத்தனை தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கடைசியில் நம்பரே மாறிவிட்டது. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. இருக்கட்டும்.

என் சேதி அதிகமில்லை. அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். வீட்டில் நானும் கிட்டாரும்தான். பகலில் ஆபீஸ், அழைத்தால் கச்சேரி. அழைப்பதுதான் குறைந்துவிட்டது. நம் பெரியநாயகி அக்காவின் இசைக்குழுவில் இப்போது பாதிப் பாட்டு பதிவு செய்த டிராக்கில் ஓடுகிறது. பேஸைக் கீபோர்டுக்காரப் பெண் இடது கையில் போட்டுவிடுகிறாள். பெரிய கோயில் விசேஷம் என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள், மேடையில் ஆள் நிறைய நிற்க வேண்டுமாம். மகளிர் குழு ஆரம்பித்தபோது யாரும் தொடாத வாத்தியம் என்று என் கையில் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது மறுபடியும் யாரும் தொடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: முடியும். ஆனால் சுலபமில்லை. கீழே தடித்த கம்பியில் வாசித்தால் எல்லா ஸ்வரமும் ஒட்டிக்கொண்டு உறுமும். மேலே மெல்லிய கம்பிகளில், கிட்டாரின் கழுத்து உடம்போடு சேர்கிற இடத்தில் வாசித்தால்தான் மெட்டு தெரியும். அப்படி வாசிக்கும்போது அடியில் ஆள் இருக்காது, பாட்டு தரையில்லாமல் நிற்கும். நான் வீட்டில் தனியாக இருக்கும்போது வாசித்துப் பார்ப்பதுண்டு. யாருக்கும் காட்டியதில்லை.

மழைப் பாட்டைப் பதிவு செய்து அனிதாவின் போனுக்கு அனுப்புகிறேன். நம்பர் எழுது.

ராசிபுரத்தைப் பற்றி ஒன்று மட்டும். உன் பாட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. உன் சுருதி நழுவியது. பிடித்துக்கொள்ள உனக்கு ஏதாவது வேண்டும் என்று மெட்டை வாசித்தேன். நீ என் பக்கம் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

அன்புடன்,
வித்யா


ஆட்டையாம்பட்டி,
6.4.2024

வித்யாவுக்கு,

நான் கார்டில் நம்பர் எழுதிப் போட்டதும் நீ அனுப்பிய பதிவு வந்தது. அனிதா போனை முழுச் சத்தத்தில் வைத்து என் காதருகில் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டேன். "ஒரு வண்டு சுத்தற மாதிரி இருக்குதும்மா. இந்தப் போன்ல கீழ்ச் சத்தம் வராது" என்று எழுதிக் காட்டினாள். பிறகு அவர் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் மூன்று பேர் நடுவில் நான் மட்டும் ஒன்றும் கேட்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போதும் என்று இருந்தது.

பிடித்துக்கொள்ள வாசித்தேன் என்கிறாய். அப்படியானால் என் மைக்கைக் குறைத்தது யார்? ஸ்பீக்கரில் என் குரல் திடீரென்று காணாமல் போயிற்று, உன் கிட்டார் மேலே ஏறியது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. எனக்கு அப்போதே காது சரியில்லை என்று இப்போது தெரிகிறது, டாக்டர் சொன்ன கணக்குப்படி அதற்கும் முன்னாலேயே போக ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அது கூடவா தெரியாமல் போகும்? முன்வரிசையில் ஒரு ஆள் சிரித்ததையும் பார்த்தேன். நீங்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு செய்தது என்றுதான் பஸ் ஏறும்போது நினைத்தேன். இன்றைக்கும் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

மெனக்கெட்டு அனுப்பியதற்கு நன்றி. இதோடு விட்டுவிடலாம். நீயும் வேலைக்குப் போகிறவள்.

மஞ்சுளா


சங்ககிரி,
17.4.2024

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

விடுவதற்கு நீ சொன்னால் போதாது.

உன் கடிதத்தைப் படித்த அடுத்த நாள் சாயங்காலமே சேலம் போனேன், பெரியநாயகி அக்கா வீட்டுக்கு. முட்டி வலியோடு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏனுங்க்கா, ராசிபுரத்துல மஞ்சுளா பாடறப்ப மைக்கைக் கொறைக்கச் சொன்னது யாருங்க?"

"நாந்தான். அதுக்கென்ன இப்ப?"

"நாங்க பேசி வெச்சு செஞ்சோம்னு அவ நெனச்சுட்டு இருக்கறாங்க்கா."

அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "புள்ளைக்குச் சுருதி எறங்கிப் போச்சு. முன்னால பொண்ணூட்டுக்காரங்க உக்காந்திருந்தாங்க. ஒருத்தரு சிரிக்கவே சிரிச்சுட்டாரு. அவ மானம் போவக் கூடாதுன்னு சவுண்டுக்காரனுக்குச் சாடை காட்டுனேன். நீ பாட்டுக்கு மேல ஏறி வாசிச்ச. அதனால யாருக்கும் தெரியாமப் போச்சு. நல்லதுதானே நடந்துச்சு?"

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சுங்க்கா."

"ம். அதுவும் நெசந்தான்."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா டீ போடச் சொன்னார், குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, நான் உன்னைத் தூக்கிவிட வாசித்தேன். அக்கா உன்னை மறைக்கக் குறைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால், நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒரே வேலையாகத்தான் தெரிந்திருக்கும். மைக் குறைந்தது எனக்கும் தெரியாது. என் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டி என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நீ பாடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துத்தான் கூடவே வாசித்தேன். இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அடுத்தது. போனில் கேட்காது என்பது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரில் பேஸ் எப்படி வரும்? பெட்டியோடு வருகிறேன். ஆபீஸ் டெம்போவைக் காளிதாஸ் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும் என்றார். 28ஆம் தேதி ஞாயிறு, உங்கள் தறியும் ஓடாது. காலையில் வருகிறேன். வேண்டாம் என்றால் அதற்குள் எழுது. எழுதாவிட்டால் வருவேன்.

கரண்ட் இருக்குமா என்று மட்டும் உன் வீட்டுக்காரரை விசாரிக்கச் சொல்.

வித்யா


ஆட்டையாம்பட்டி,
30.4.2024

அன்புள்ள வித்யாவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அனிதா சொன்னாள். நேற்று முழுக்க இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. எழுதினால்தான் மனசு நிலைக்கு வரும் போலிருக்கிறது.

நீ வந்து இறங்கியபோது எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை என்று பார்த்தாலே புரிந்தது. நல்ல வேளையாகப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. அவர் ஓடி வந்து, "வாங்க வாங்க, நீங்க தூக்காதீங்க, நான் எடுக்கறேனுங்க" என்று சொன்னதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உனக்குத் தலையில் நரை விழுந்திருக்கிறது. எனக்கும்தான். அதை நீயும் சொல்லவில்லை.

தறிக்கூடத்தில் நீ முதல் தடவை வாசித்தபோது எனக்குக் கேட்டது டும், டும், டும் மட்டும்தான். பாட்டு இல்லை. உன் முகத்தைப் பார்த்து, கேட்கிறது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நீ என்னைக் கேட்காமலே தெரிந்துகொண்டாய். பெட்டியைச் சுவரோடு திருப்பி வைத்தாய், ஏதோ திருகினாய், பாட்டை இன்னும் கீழே இறக்கி எடுத்தாய். பிறகு என் தோளைப் பிடித்துப் பெட்டிமேலேயே உட்கார வைத்தாய்.

முதல் வரி வெறும் சத்தமாகவே இருந்தது. இரண்டாவது வரியில் அது பாட்டாகிவிட்டது. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகெலும்பில் ஏறி வந்தது, பிறகு காதில் நின்றது. அடுத்த ஸ்வரம் எது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது, அதே ஸ்வரம் வந்தது. மறுபடி தெரிந்தது, மறுபடி வந்தது. ராசிபுரத்துக்கப்புறம் எந்தப் பாட்டும் எனக்கு அப்படி வந்ததில்லை.

நான் பாடப் போகிறேன் என்று நினைக்கவேயில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. முழுப் பாட்டையும் பாடினேன். அனிதா பிறந்ததிலிருந்து நான் பாடிக் கேட்டவள்தான், ஆனால் முந்தாநாள் அவள் அழுதாள். அவர் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சாலம்மாள் என் கன்னத்தைத் தடவி, "அப்பிடியே இருக்குது சாமி, அந்தப் பழைய கொரலு" என்றாராம். அனிதா எழுதிக் காட்டினாள்.

உன் கிட்டாரோடு பாடும்போது நான் சரியாகப் பாடுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது வித்யா. நிஜமாகவே தெரிந்தது. நீ என் பக்கத்தில் மெட்டை வாசித்தால் நான் மேடையிலும் பாட முடியும். பழைய மாதிரி கச்சேரி முழுதும் வேண்டாம். ஒரு பாட்டு. ஆடித் திருவிழாவுக்கு அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறாயா? வீட்டில் அவரும் போய்ப் பாடு என்கிறார். என் பட்டுப்புடவையை அனிதா எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. பாடி முடித்ததும் எல்லாரும் ஏதோ சொன்னார்கள், நீ மட்டும் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கும் டெம்போவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாய். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டும். சுருதி சேர்ந்ததா? நீ சொன்னால் நம்புவேன்.

உன்,
மஞ்சுளா

முறுக்குப் பொட்டலம் ஒன்று டெம்போவில் வைத்தேன். பார்த்தாயா?


சங்ககிரி,
14.5.2024

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

முறுக்கைப் பார்த்தேன். ஆபீஸில் எல்லாரும் சாப்பிட்டோம்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதிலேயே உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றாவதாக இதை எழுதுகிறேன், இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

சுருதி சேரவில்லை மஞ்சுளா.

பல்லவியில் என்னோடுதான் இருந்தாய். அனுபல்லவியில் கொஞ்சம் இறங்கினாய். அதைக்கூட நான் கீழே இழுத்துப் பிடித்துச் சமாளித்தேன். சரணத்தில் நீ வேறு எங்கோ போய்விட்டாய். நான் வாசிப்பது உனக்குக் கேட்டது, ஆனால் உன் குரல் உனக்குக் கேட்கவில்லை. நான் என்ன வாசித்தாலும் அதைச் சரி செய்ய முடியாது. மேடையில் இன்னும் கஷ்டம். பெட்டிமேல் உட்கார்ந்து பாட முடியாது, டிரம்ஸ் இருக்கும், ஜனங்கள் இருப்பார்கள்.

உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னது பொய் இல்லை. அவர்கள் உன்னைப் பார்த்தார்கள். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வேலை அது. நம்புவேன் என்று எழுதிவிட்டாய், அதனால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் நானும் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ எழுதியபடி அக்காவிடம் கேட்டேன். உடனே சரி என்றார். "ஒரு பாட்டுத்தானே, பாடட்டும். காது போன புள்ளைன்னு முன்னாலயே சொல்லிப் போடலாம். சனங்க கை தட்டுவாங்க" என்றார். அக்கா அன்பாகத்தான் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு கைதட்டலுக்கு நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே சொன்னேன். அது தப்பு என்றால் நீயே அக்காவுக்கு எழுதலாம். அக்கா உனக்கு இடம் கொடுப்பார். அந்த மேடையில் நானும் நின்று வாசிப்பேன், நீ எப்படிப் பாடினாலும். ஆனால் சேர்ந்ததா என்று என்னிடம் கேட்டால், சேரவில்லை.

வித்யா


சங்ககிரி,
1.7.2024

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

பதில் இல்லை. நான் எதிர்பார்த்ததுதான். அனிதாவிடம் விசாரித்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். அதற்குமேல் அவளிடம் கேட்கவில்லை.

நீ அக்காவுக்கும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் செய்யக் கூடாது. உங்கள் தறிக்கூடத்திலிருந்து வந்த பிறகு தினமும் மழைப் பாட்டை வாசித்துப் பார்க்கிறேன். விரலை எடுத்து எடுத்து வைத்தால் பாட்டு துண்டு துண்டாக நிற்கிறது. கம்பியை அழுத்தியபடியே இழுத்துக்கொண்டு போனால் குரல் மாதிரி வளைகிறது. இடது கைச் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. சீட்டு எழுதுவது வலது கை என்பதால் வேலைக்குப் பாதகமில்லை.

அக்காவிடம் போய், ஆடியில் கொண்டலாம்பட்டிக் கோயில் கச்சேரியில் இந்த ஒரு பாட்டைப் பேஸில் தனியாக வாசிக்கிறேன் என்றேன். "பாடற ஆளு இல்லாமயா? அடியில போற வாத்தியத்துல எவன் கேப்பான்?" என்றார். அப்படியானால் இனிமேல் ஆள் நிறையக் காட்டுவதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன். இத்தனை வருஷத்தில் அக்காவிடம் நான் அப்படிப் பேசியதில்லை. கடைசியில், இடைவேளைக்கு முன்னால் வாசித்துக்கொள் என்றார்.

ஆனால் அது நீ பாடிய பாட்டு. நம் குழுவில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. மறுபடியும் நான் எடுத்துக்கொண்டதாக ஆகக் கூடாது. வேண்டாம் என்று ஒரு வரி எழுது, வேறு பாட்டு எடுத்துக்கொள்கிறேன். ஒன்றும் எழுதாவிட்டால் என்ன அர்த்தம் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியவில்லை.

வித்யா


ஆட்டையாம்பட்டி,
11.8.2024

அன்புள்ள வித்யாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதவில்லை. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, நீ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அவர், "என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டார். காட்டவில்லை. புடவையை மடித்து உள்ளே வைத்தேன். அனிதா ஏன் என்று கேட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து, அனிதா காலேஜிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தபோது சரணத்தை மட்டும் பாடிக் காட்டினேன். "நெசமாச் சொல்லு கண்ணு, சரியா இருக்குதா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது. அவளை ஒன்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நான் பாடவில்லை. அழுது முடித்துவிட்டேன், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இத்தனை பேர் இருக்கிற ஊரில் ஒருத்தியாவது உள்ளதைச் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது கடிதத்துக்கு ஏன் எழுதவில்லை என்றால், வாசி என்று எழுதவும் மனசு வரவில்லை, வாசிக்காதே என்று எழுதவும் மனசு வரவில்லை.

கொண்டலாம்பட்டிக்கு வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. அனிதாவைக் கூட்டிக்கொண்டு சாயங்காலமே வந்து, மேடையின் இடது பக்கம் அடுக்கியிருந்த பெரிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள், சத்தம் தாங்காது. எனக்கு அதுதான் வசதி. சவுண்டுக்காரர் வந்து, "தள்ளி நில்லுங்கம்மா, காது போயிரும்" என்றாராம். அனிதா சிரித்துவிட்டாள். எனக்குச் சொன்னதும் நானும் சிரித்தேன்.

நீ தனியாக முன்னால் வந்து நின்றாய். அக்கா ஏதோ அறிவித்தார். நீ ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்து பொரி வாங்கப் போனார்கள். பஜ்ஜிக் கடைக்காரர் அனிதாவிடம், "ஏம்பாப்பா, பாடறவங்க இன்னும் வரலீங்களா?" என்று கேட்டாராம். முன்வரிசைப் பொம்பளைகள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தி கூடவே பாடினாள், வாய் அசைந்ததைப் பார்த்தேன். இதையெல்லாம் நீ மேடையிலிருந்து பார்த்திருப்பாய். கைதட்டல் அதிகமில்லை. மழைப் பாட்டுக்கு என்றைக்குமே அதிகம் இருந்ததில்லை.

எனக்கு முழுப் பாட்டும் கேட்டது. முதல் எழுத்திலிருந்து கடைசிவரை.

இப்போது குறையைச் சொல்கிறேன். நீ மூச்சே விடாமல் வாசிக்கிறாய். கிட்டாருக்கு மூச்சு வேண்டியதில்லைதான், பாட்டுக்கு வேண்டும். பல்லவி இரண்டாவது வரி முடிந்ததும் நான் நிறுத்தி மூச்சு வாங்குவேன். அங்கே ஒரு சின்ன வெற்றிடம் இருந்தால்தான் அடுத்த வரி ஏறி வரும்போது நன்றாக இருக்கும். நீ அந்த இடத்தை நிரப்பிவிட்டாய். விரலைக் கம்பியிலிருந்து எடு, ஒன்றும் செய்யாமல் நில். அனுபல்லவியில் அவசரப்படுகிறாய், பயந்துகொண்டு வாசித்த மாதிரி இருந்தது. சில வார்த்தைகள் குறிலில் முடியும், நீ எல்லாவற்றையும் நெடிலாக இழுக்கிறாய். வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வாசித்தால் இந்தத் தப்பு வராது. அங்கேயே மேடைக்குப் பின்னால் வந்து சொல்லியிருப்பேன். அக்காவும் மற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்து ஏதாவது ஆறுதல் சொல்வார்கள், எனக்குக் கேட்காது, நான் தலையாட்ட வேண்டும். அதனால் பஸ் ஏறிவிட்டோம்.

இனிமேல் மாதத்தில் ஒரு ஞாயிறு சங்ககிரிக்கு வரலாம் என்று இருக்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன். பாட வரவில்லை. உன் வீட்டில் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்கிறேன், நீ வாசி. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று கை காட்டுகிறேன். மழைப் பாட்டு ஒன்றோடு நின்றுவிடக் கூடாது, நான் பாடியது இன்னும் எத்தனையோ இருக்கிறது. முதலில் உன் சுண்டுவிரலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடு.

இன்னொரு விஷயம். சரணத்தின் கடைசி வரியில், மேலே போய்விட்டுக் கீழே வருகிற இடத்தில், ஒரு சுழிப்பு வாசித்தாய். அது அந்தப் பாட்டிலேயே கிடையாது. சினிமாவில் பாடினவர் நேராகத்தான் இறங்குவார். குழுவில் சேர்ந்த புதிதில் அந்த இடத்தில் எனக்கு மூச்சு போதாது. நேராக இறங்கினால் குரல் உடையும். அதை மறைக்க நானாக ஒரு சுழி போட்டுக்கொண்டேன். அக்கா எத்தனையோ தடவை திட்டியும் போகவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டது. கொண்டலாம்பட்டியில் அது பெட்டியிலிருந்து வந்தபோது நான் அனிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள், "என்னம்மா?" என்று கேட்டாள். என் குரல் கேட்குது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

நீ தெரிந்துதான் வாசித்தாயா, கைப்பழக்கத்தில் வந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. அதை மட்டும் திருத்திவிடாதே.

உன்,
மஞ்சுளா